ஆறு விரல் மண்

புயல் கரையேறிப் பதினெட்டு நாட்கள் ஆகியிருந்தன. ஓசூரில் இருந்த நில உயர ஆணையத்தின் தென்மண்டல அலுவலகத்துக்கு அன்று எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்த சங்கமித்ரா, இயக்குநர் ஹரிஹரசுதனின் மேசையில் இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை வைத்துவிட்டு உட்காராமல் நின்றாள். நாற்பத்தெட்டு வயது, இருபத்து மூன்று வருட சர்வீஸ், ஒரு மெமோகூட வாங்கியதில்லை. இந்த மாதிரி ஆட்கள் தப்புச் செய்தால் அதையும் சுத்தமாகத்தான் செய்வார்கள்.

சுதன் கடிதத்தை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"இத யாரு உங்ககிட்ட கேட்டா?"

"யாரும் கேக்கல சார்."

"விசாரணைக் கமிஷன் கேட்டது புதுத்திடலோட உயரத்த மறுபடி அளந்து குடுங்கன்னுதான். அளக்கிறதுக்கு முன்னாலேயே நான்தான் கொன்னேன்னு யாராவது எழுதிக் குடுப்பாங்களா?"

"பத்தொம்பது பேர் சார்."

"எனக்கும் எண்ணத் தெரியும்மா."

அவர் அறைச் சுவரில் நாட்டின் மேடுபள்ள வரைபடம் ஒன்று தொங்கியது. வெறும் படமில்லை, கையால் தடவிப் பார்க்கலாம். வடக்கே விரலைக் குத்தும் இமயம், அதன் காலடியில் வழவழவென்று கங்கைச் சமவெளி, மேற்கே சொரசொரக்கும் தார்ப் பாலை, கிழக்கே மடிப்பு மடிப்பாக நாகாலாந்து, நடுவே மேற்கில் தூக்கிக் கிழக்கில் சாய்ந்து கிடக்கும் தக்காணம். அந்த மேட்டின் தென்விளிம்பில் ஓசூர். அங்கிருந்து விரலைக் கீழே நகர்த்தினால் படிப்படியாக இறங்கும். காவிரிப் படுகையின் ஓரத்துக்கு வந்தால் விரலுக்கு எதுவுமே தட்டுப்படாது. எதுவுமே தட்டுப்படாத அந்த இடத்தில்தான் பத்தொன்பது பேர் செத்துப்போயிருந்தார்கள்.

கடல் ஏற ஏற எல்லாக் கரையையும் காப்பாற்ற முடியாது என்று அரசாங்கம் கைவிரித்து எட்டு வருடம் ஆகிறது. இரண்டு மீட்டர் சட்டம் என்று அதற்குப் பெயர். கடல்மட்டத்துக்கு மேல் இரண்டு மீட்டருக்குக் குறைவாக இருக்கும் இடமெல்லாம் சட்டப்படி கடல். இன்றைக்கு அங்கே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டில்லை. மின்சாரம் கிடையாது, ரேஷன் கிடையாது, பஞ்சாயத்து கிடையாது. அங்கே யாரும் பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது, ஏனென்றால் எழுதிவைக்க ஆள் இல்லை. எது கடல், எது நிலம் என்று சொல்வது உயர ஏடு. தென்மண்டலத்துக்கு அந்த ஏட்டில் கையெழுத்துப் போட்டது சங்கமித்ரா.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னால நடந்தது உங்களுக்கும் தெரியும் சார்," என்றாள் அவள். "கடலோரமா நாகப்பட்டினத்துலேருந்து உயரம் அளந்துக்கிட்டு வந்த ஒரு கோடு, திருச்சிப் பாறையிலேருந்து ஒரு கோடு. ரெண்டும் கோடியக்கரையில ஒரே கல்லுல வந்து சேரணும். சேரும்போது கடலோரக் கோடு பதினொரு சென்டிமீட்டர் கம்மியா வந்துச்சு."

"கம்மியோ கூடவோ வரத்தானே செய்யும். அதுக்குத்தானே பிழையைப் பங்கு போடுறோம்."

"மில்லிமீட்டர்ல வந்தா பங்கு போடலாம். பதினொரு சென்டிமீட்டர் வந்தா திரும்பப் போய் அளக்கணும். நான் போகல. குடியரசு தினத்துக்குள்ள ஏட்ட வெளியிடணும்னு அவசரம். கம்ப்யூட்டர் ஒரு வழி சொல்லுச்சு. நடுவுல பன்னண்டு கிலோமீட்டர் உப்புத் தரிசு, ஜனத்தொகை சுழியம், பிழை முழுக்க அது தலையில கட்டிடுங்கன்னு. நான் கட்டிட்டேன்."

அளப்பவர்களின் வழக்கம் அது. எந்தக் கோடும் சொன்னபடி வந்து சேராது. மிச்சம் வரும் பிழையை யாருக்கும் வலிக்காத இடமாகப் பார்த்துக் கொட்ட வேண்டும். அப்படிக் கொட்டத் தெரிந்தவன்தான் நல்ல சர்வேயர் என்று சுதனே பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறார்.

"அது பிழையே இல்ல சார். நிலம் நிஜமாவே எறங்கியிருந்திருக்கு. இறால் குட்டைக்காரங்க முப்பது வருஷமா அடித்தண்ணிய உறிஞ்சியிருக்காங்க. நிலம் உண்மையச் சொல்லுச்சு, நாம அதப் பிழைன்னு நெனச்சுத் திருத்திட்டோம்."

ஒன்று தொண்ணூற்று மூன்று என்று இருந்த தரிசு, ஏட்டில் இரண்டு மீட்டர் நான்கு சென்டிமீட்டர் ஆனது. கடலாக இருந்திருக்க வேண்டியது நிலமானது. இரண்டு வருடம் கழித்து, கடலென்று அறிவிக்கப்பட்ட ஓர் உப்பளக் கிராமத்தைக் காலி செய்தபோது, அந்த நாற்பத்தாறு குடும்பங்களுக்கு வருவாய்த்துறை இடம் தேடியது. ஏட்டைப் புரட்டினால், இரண்டு மீட்டருக்கு மேலே, ஆளில்லாமல், அம்சமாக ஓர் இடம். புதுத்திடல் என்று பெயர் வைத்து, வீடு கட்டிக் கொடுத்து, சுற்றிலும் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மண்கரையும் போட்டார்கள். ஏட்டுப்படி கரையின் உச்சி மூன்று மீட்டர் ஐம்பத்து நான்கு. புயலன்று தண்ணீர் மூன்று ஐம்பது வரை வரும் என்று எச்சரிக்கை அமைப்பு கணித்தது. நான்கு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறது, புயல் காற்றில் ரோட்டுக்கு வருவதைவிட வீட்டில் இருப்பதே மேல் என்று அதுவே முடிவும் செய்தது. தண்ணீர் சொன்னபடி மூன்று ஐம்பதுதான் வந்தது. கரைதான் சொன்ன உயரத்தில் இல்லை. மண்கரைமேல் தண்ணீர் நாலு விரல் ஏறி ஓடினால் போதும், அரை மணி நேரத்தில் அறுத்துக்கொண்டு போய்விடும்.

"போய் அளங்க," என்றார் சுதன் கடைசியாக. கடிதத்தை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். "ஒண்ணு தொண்ணூத்தி மூணு வந்துச்சுன்னா நானே இத கமிஷனுக்கு அனுப்புறேன். அதுவரைக்கும் நீங்க எதுவும் எழுதல, நான் எதுவும் படிக்கல."

*

உயரம் அளக்கும் கடிகாரத்தை ஏற்றிய வண்டி முன்னால் போக, அவள் ஜீப்பில் பின்னால் போனாள். பீடபூமியை விட்டு இறங்கும்போது காது அடைத்தது. அவளுக்கு இந்த நாட்டில் எந்த ஊர்ப் பெயரைப் பார்த்தாலும் அதன் உயரம்தான் முதலில் மனசுக்கு வரும். ஓசூர் எண்ணூற்றுச் சொச்சம். கிருஷ்ணகிரி ஐந்நூறுக்குப் பக்கம். சேலம் இருநூற்று எண்பது. திருச்சி எண்பத்தைந்து. ஒரு காலத்தில் இது அவளுக்கு விளையாட்டு. லே மூவாயிரத்து ஐந்நூறு, ஜெய்சல்மர் இருநூற்று இருபது என்று ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் சொந்த ஊரைக் கேட்டு உயரம் சொல்லி ஆச்சரியப்படுத்துவாள். இந்தப் பதினெட்டு நாட்களாக அந்தக் கணக்கு தானாக ஓடியது. நிறுத்தத் தெரியவில்லை.

வேறொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எந்தச் சுவரைப் பார்த்தாலும் தரையிலிருந்து ஏழு சென்டிமீட்டரில் ஓர் ஈரக் கோடு தெரிந்தது. ஓசூரில் அவள் வீட்டுச் சமையலறையில், லிஃப்ட்டுக்குள், தஞ்சாவூரில் சாப்பிட நிறுத்திய ஹோட்டலில். கடல் ஏறவே முடியாத எண்ணூறு மீட்டர் உயரத்திலும் கால் நனைந்திருப்பது போல இருக்கும். குனிந்து தொட்டுப் பார்ப்பாள். காய்ந்துதான் இருக்கும். தனக்குப் பயமாக இருக்கிறது என்பதை அவள் தஞ்சாவூர் தாண்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டாள். அளவு தப்பாக வந்துவிடுமோ என்ற பயமில்லை. சரியாக ஒன்று தொண்ணூற்று மூன்று வரும், அதற்கப்புறம் அந்த மனிதர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அந்தப் பயம்.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் புதுத்திடலில் வெயில் சுட்டது. கரை அறுந்த இடத்தில் பத்து ஆள் அகலத்துக்கு ஓட்டை. வீடுகள் நின்றன. கதவுகள்தான் இல்லை. சேறு காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சனங்கள் எல்லாரும் வேதாரண்யம் முகாமில் இருக்க, ஏழெட்டு ஆண்கள் மட்டும் பகலில் வந்து சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் வண்டியைப் பார்த்ததும் வந்தான். உயரமான ஆள், நாற்பது வயது இருக்கும், முட்டி வரை சேறு.

"கலைவேந்தனுங்க. ஊர் சார்பா கூட இருக்கச் சொன்னாங்க," என்றான்.

"வணக்கம். நான் உயர ஆணையத்திலிருந்து வருகிறேன்," என்றாள் சங்கமித்ரா. அரசாங்க வேலையாகப் போனால் அவளுக்கு இப்படிப் புத்தகத் தமிழ்தான் வரும்.

அவன் முகம் சட்டென்று மாறியது. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். எதையோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

"புதுத்திடல் மக்களே. உங்கள் கரை பாதுகாப்பான உயரத்தில் உள்ளது. வீட்டிலேயே இருங்கள். வெளியே வர வேண்டாம்."

தெளிவான, கனிவான பெண் குரல். அது சங்கமித்ராவின் குரல். எச்சரிக்கை அமைப்புக்குத் தமிழ்க் குரல் ஒன்று வேண்டும் என்று ஆறு வருடத்துக்கு முன்னால் கேட்டபோது, அலுவலகத்தில் உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று அவளைத்தான் பிடித்து உட்காரவைத்து மூவாயிரம் வாக்கியங்கள் படிக்கச் சொன்னார்கள். அவள் அதை மறந்தே போயிருந்தாள்.

"மணிக்கு ஒருதரம் சொல்லும்," என்றான் கலைவேந்தன். "சோலார்ல ஓடுது. புயலு முடிஞ்சிருச்சுன்னு அதுக்கு யாரும் சொல்லல போல." கம்பத்திலிருந்து அவள் பக்கம் திரும்பினான். "நீங்க வாயத் தொறந்ததும் தெரிஞ்சுபோச்சுங்க. அன்னிக்கு விடிய விடிய இந்தக் குரலதான் கேட்டுக்கிட்டு கெடந்தோம்."

"ஏன் ஒயர அறுத்துப் போடல?"

"அது மாத்திச் சொல்லிட்டா எங்க ஊரு கடலாயிருச்சுன்னு அர்த்தம். சொல்லிக்கிட்டு கெடக்கட்டும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்க நினைத்தாள். அளந்த பிறகு கேட்கலாம் என்று விட்டுவிட்டாள்.

*

மட்டக்கல் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே இருந்தது. முழ அகலக் கருங்கல், தலையில் பித்தளைக் குமிழ். அந்தக் குமிழின் உயரம்தான் ஊரின் உயரம். டெக்னீஷியன்கள் இரண்டு பேர் வண்டியைக் கல்லோடு ஒட்டி நிறுத்தி, கடிகாரத்தை ஓடவிட்டார்கள். மூன்று மணி நேரம் ஓட வேண்டும். அவர்கள் டீ குடிக்கப் போனார்கள். கலைவேந்தன் போகவில்லை. வண்டியின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"கடியாரத்த வச்சு ஒசரம் எப்புடிங்க பாப்பீங்க?"

"மேல போகப் போக கடிகாரம் துளியூண்டு வேகமா ஓடும். கீழ எறங்க எறங்க மெதுவா ஓடும். ஓசூர் பாறையில ஒரு கடிகாரம் இருக்கு, லடாக்குல ஒண்ணு, ஷில்லாங்குல ஒண்ணு. இதோட ஓட்டத்த அதுங்களோட ஒப்பிட்டா இந்த எடம் எவ்வளவு கீழ இருக்குன்னு சென்டிமீட்டர் சுத்தமா தெரிஞ்சிரும்."

"அப்ப மலையில இருக்கவன் சீக்கிரமா கெழவனாயிருவானா?"

"ஒரே நாள்ல பொறந்து லடாக்குல ஒருத்தரும் இங்க ஒருத்தரும் நூறு வருஷம் இருந்தாலும், நொடியில ஆயிரத்துல ஒரு பங்குதான் வித்தியாசம் வரும்."

"எங்களுக்குத்தான் மெதுவா ஓடுது. ஆனா நாங்கதான் முன்னால போயிர்றோம்."

அவனுடைய மனைவி சுபத்ரா அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தி. பட்டியலில் பதினேழாவது பெயர். சங்கமித்ராவுக்குப் பட்டியல் மனப்பாடம். ஆனால் இவன்தான் அவள் புருஷன் என்பது, அவன் மகளைப் பற்றிச் சொன்னபோதுதான் தெரிந்தது. ஒன்பது வயது, ஆயக்காரன்புலத்தில் அத்தை வீட்டில் இருக்கிறாள், தண்ணீர்க் குடத்தைப் பார்த்தால் அழுகிறாள். அவன் இதை அழாமல்தான் சொன்னான். சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தது.

ஒன்றரை மணிக்குத் திரையில் எண் வந்தது.

2.04.

சங்கமித்ரா திரும்பப் பார்த்தாள். ஓசூரோடு ஒப்பிட்டது சரி. ஷில்லாங்கோடு ஒப்பிட்டாள். 2.04. லேயோடு ஒப்பிட்டாலும் அதுதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஏட்டில் அவள் போட்ட அதே எண். பிழை பிழையாகத்தான் இருந்திருக்கிறது, நிலம் இறங்கவே இல்லை, கரையைக் கட்டிய காண்ட்ராக்டர்தான் உயரத்தில் கை வைத்திருக்கிறான், நான் யாரையும் கொல்லவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாறை நகர்ந்த மாதிரி இருந்தது. அவள் சந்தோஷப்பட்டாள். முழுசாக ஒரு நிமிடம், அந்தச் செத்த ஊரின் நடுவில் நின்றுகொண்டு சந்தோஷப்பட்டாள். அதற்காகப் பின்னாளில் அவள் தன்னை மன்னித்ததே இல்லை.

ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. ஒரு கல்லை நம்பி எந்த சர்வேயரும் வீட்டுக்குப் போவதில்லை. கல்லை நட்ட அன்றைக்கே பக்கத்தில் அசையாத ஏதாவதொன்றுக்கு அதிலிருந்து எவ்வளவு ஏற்றம் என்று நோட்டில் குறித்துவைப்பார்கள். சாட்சிப் புள்ளி என்பார்கள். புதுத்திடல் கல்லுக்குச் சாட்சி பள்ளிக்கூடத்தின் முதல் படி. குடியிருப்பு வந்தபோது குறித்தது, கல்லைவிட முப்பத்தொரு சென்டிமீட்டர் உயரம். அவள் மட்டக்கருவியை முக்காலியில் ஏற்றினாள். கலைவேந்தனிடம் அளவுகோலைக் கொடுத்து முதலில் கல்மேலும் அப்புறம் படிமேலும் நிறுத்தச் சொன்னாள்.

இருபது.

கருவியை இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். இருபதுதான். படி இறங்கவில்லை, அது பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து கட்டியது, சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. கல்தான் பதினொரு சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. கல் தானாக ஏறாது.

முதலில் சுதன் சார்தான் மனசில் வந்தார். என்னைக் காப்பாற்ற ஆள் அனுப்பிவிட்டாரா என்று நினைத்தாள். கல்லின் அடியில் உட்கார்ந்து மண்ணைத் தொட்டாள். வெள்ளம் போட்ட வண்டல் மாவு மாதிரி உதிரும். இது உதிரவில்லை. தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து, வரப்புக் கட்டுவது போலக் கட்டியிருந்தார்கள். கல்லைச் சுற்றிலும் வாசல் முழுக்கவும் அப்படியே பரத்தி, சரிவு தெரியாமல் மட்டமாக்கியிருந்தார்கள். காண்ட்ராக்டர் வேலை இவ்வளவு நேர்த்தியாக இருக்காது.

அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றவனை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கல்லத் தூக்கி வச்சது யாரு?"

அவன் மறுக்கவில்லை. "நாந்தான். நானும் இன்னும் ஆறு பேரும். தண்ணி வடிஞ்ச ஒம்பதாம் நாளு."

"பதினொரு சென்டிமீட்டர்னு யார் சொன்னது உங்களுக்கு?"

"சென்டிமீட்டரு எல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஆறு விரலு. தண்ணி கரைக்கு மேல நாலு விரல் போச்சு, அறுந்து போவாத எடத்துல தடம் இருக்கு, வேணும்னா காட்டுறேன். கரைக்குக் கீழ ரெண்டு விரல் நிக்கும்னு நீங்க சொன்னீங்க." அவன் கம்பத்தைப் பார்த்தான். "நாலும் ரெண்டும் ஆறு. ட்யூபுல தண்ணி ரொப்பி மட்டம் பாத்து வச்சோம். நாங்க உப்புப் பாத்தி கட்டுற ஆளுங்க. ஒரு மூலை அரை விரல் தாந்தாக்கூட அந்தப் பக்கம் உப்பு பூக்காது."

நாடு முழுவதும் கடிகாரம் வைத்து அளந்தவர்களுக்குப் பிடிபடாதது இவன் விரல் கணக்கில் இருந்தது.

"அப்ப இது பள்ளம்னு முன்னாலேயே..."

"வந்த அன்னிக்கே தெரியும். ஒரு மழ பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்தாத் தெரியாதா. சுபத்ரா சொன்னா, இது திடலு இல்லங்க, பள்ளம், வேற எடம் கேப்போம்னு. நாந்தான் சொன்னேன். பள்ளமா இருந்தா என்ன, ஏட்டுல மேடா இருக்குல்ல, கரண்டு குடுத்துட்டான், பள்ளிக்கூடம் குடுத்துட்டான், நீ வாய மூடிக்கிட்டு இருன்னு சொன்னேன்." அளவுகோலை அவன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். "மூடிக்கிட்டுத்தான் இருந்தா."

சங்கமித்ரா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சொல்ல வந்ததை எல்லாம் சொன்னாள். பதினொரு சென்டிமீட்டர், குடியரசு தினம், ஜனத்தொகை சுழியம், கையெழுத்து, ஓசூரில் இழுப்பறையில் இருக்கும் கடிதம். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"உங்க மேல பழி வரவேண்டிய அவசியமே இல்ல," என்றாள் அவள். "தோண்டிக் காட்டுவோம். என் தப்புதான்னு நானே கமிஷன்ல சொல்றேன். ஜெயிலுக்கு அனுப்பினாலும் போறேன். உண்மை வெளிய வரணும்."

"வந்தா என்ன ஆவும்?"

"என்ன ஆகும்னா?"

"இது ஒண்ணு தொண்ணூத்தி மூணுன்னு நீங்க சொல்லிட்டா, இது கடலு. வந்த அன்னிக்குலேருந்து கடலு. அப்ப பத்தொம்பது பேரும் கடல்ல அத்துமீறி இருந்தவங்க. வி.ஏ.ஓ. தெளிவா சொல்லிட்டாருங்க. நெலத்துல செத்தாத்தான் இறப்புப் பதிவு. கடல்ல போனா 'காணாமல் போனவர்'னுதான் எழுதணும், ஏழு வருஷம் காத்திருக்கணும். சுபத்ராவ நான் என் கையால தூக்கியாந்தேன். எரிச்சு, சாம்பலும் கரைச்சாச்சு. நீங்க அளந்து சொல்ற வரைக்கும் ஏட்டுல அவ காணாமப் போனவ. என் மக கேக்குது, அம்மா காணாமப் போச்சுன்னா தேடலாம்லப்பான்னு."

அவள் கல்லின் தலையில் இருந்த பித்தளைக் குமிழைப் பார்த்தாள்.

"நீங்க கொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். நான் அவ வாய அடச்சேன்னு எனக்குத் தெரியும். நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாப் போதும். ஏட்டுக்குத் தெரிய வேணாம்."

"என்னால இத வச்சுக்கிட்டு இருக்க முடியாது."

"முடியாதுதான்," என்றான் அவன். குரல் உயரவில்லை. "சொல்லிட்டா உங்களுக்கு எறங்கிரும். எனக்கு எறங்காது. அதனால நீங்களும் வச்சுக்குங்க. உங்கள மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க."

கைபேசி அடித்தது. சுதன்.

"வந்துச்சா?"

"வந்துருச்சு சார்." அவள் கலைவேந்தனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு மீட்டர் நாலு."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. பிறகு, அவரும் சர்வேயர்தானே, கேட்டார்: "சாட்சிப் புள்ளி பாத்தீங்களா?"

இருபத்து மூன்று வருடத்தில் அவள் எந்த அளவையும் பொய்யாகச் சொன்னதில்லை. பிழையைப் பங்கு போட்டிருக்கிறாள், ஓரமாகக் கொட்டியிருக்கிறாள், அதற்கெல்லாம் விதிமுறை இருந்தது. இதற்கு இல்லை.

"பாத்தேன் சார். முப்பத்தொண்ணு. சரியா இருக்கு."

"நான் அப்பவே சொன்னேன்ல. உங்க மேல ஒரு தப்பும் கிடையாது. அந்தக் கடிதத்தக் கிழிச்சுப் போட்டுடறேன்."

"கிழிச்சிடுங்க சார்."

அவள் ஃபோனை வைத்தாள். கலைவேந்தன் நன்றி சொல்லவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் படியில் வைத்தான். உள்ளே கார்பன் தாள் வைத்த பத்தொன்பது இறப்புப் பதிவுப் படிவங்கள். பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், எல்லாம் நிரப்பியிருந்தது. ஒரே ஒரு கட்டம்தான் எல்லாவற்றிலும் காலி. இறந்த இடத்தின் உயரம், சான்றளிக்கும் அதிகாரியின் கையொப்பம்.

"நீங்க போட்டாத்தான் செல்லும்னு வி.ஏ.ஓ. சொன்னாரு."

அவள் பேனாவை எடுத்தாள். முதல் படிவம் ஒரு வயதான ஆளுடையது, எழுபத்து மூன்று. 2.04 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது ஒரு பெண். மூன்றாவதும் நான்காவதும் ஒரே வீடு, நான்கு வயதும் ஏழு வயதும். பட்டியலில் வெறும் பெயராக மனப்பாடம் செய்துவைத்திருந்தவர்களுக்கு இப்போது தகப்பன் பெயரும் கதவு எண்ணும் வந்து சேர்ந்தன. ஒவ்வொருவருக்கும் அவள் அந்தப் பொய் எண்ணை எழுதினாள். முன்பு எழுதியபோது அங்கே ஆளே இல்லை. இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே ஒரு பெயர் இருந்தது. கண்ணீர் மறைத்ததால் நடுவில் இரண்டு தடவை நிறுத்தித் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் அவசரப்படுத்தவில்லை.

கடைசியாக எடுத்து வைத்திருந்தது சுபத்ராவின் படிவம். வயது முப்பத்தாறு. கணவர் பெயர், கலைவேந்தன். சங்கமித்ராவின் பேனா காகிதத்தில் பட்டும் படாமலும் நின்றது. எண் பாதிதான் தெரிந்தது.

அவன் குனிந்து பார்த்தான்.

"மூணு காப்பி விழணும் மேடம்," என்றான். "நல்லா அழுத்தி எழுதுங்க."